முதல் வீட்டு நம்பி

பம்பாய், 10.7.1992

அன்புள்ள கோதைக்கு,

வெட்கக்கேட்டை முதலில் சொல்லிவிட்டு நலம் விசாரிக்கிறேன். ஆபீஸ் வருகைப் பட்டியல் புரோகிராமை மூன்று நாளாகத் திருத்தினேன். கம்ப்யூட்டர் அதே பழைய தப்பையே அச்சடித்தது. அதை முடித்தால்தான் ஆடிப்பூரத் தேருக்கு லீவு என்று மேனேஜர் சொல்லியிருந்தார்.

நம் ராஜபாளையத்து ராபர்ட் எட்டிப் பார்த்துச் சிரித்தான். "ஏ அண்ணாச்சி, இதே பேர்ல பழசு ஒண்ணு வேற டைரக்டரியில கெடக்கு. டைரக்டரின்னா மெஷினுக்குள்ள அலமாரித் தட்டு மாதிரி. பேரைத் தட்டினா மெஷின் ஒவ்வொரு டைரக்டரியா வரிசைப்படி தேடும். மொதல்ல ஆப்பிட்டதை ஓட்டிரும். நீங்க எம்புட்டு திருத்தினா அதுக்கென்ன?"

நம் மடவார் வளாகத் தெருவில் எத்தனை நம்பி இருந்தாலும், "நம்பி" என்று கூப்பிட்டால் முதல் வீட்டு நம்பிதானே வருவார்? பழையதை அழித்தேன், பட்டியல் சரியாக வந்தது. லீவு எழுதும்படி மேனேஜர் அங்கேயே கிளார்க்கிடம் சொல்லிவிட்டார். தேருக்கு வருகிறேன் என்று தெரு முழுக்கச் சொல்லிவிடு.

அம்மாவின் முழங்கால் தேவலையா? உன் இருமல்? மோர்மிளகாய் அனுப்பு, இங்கே தயிர்சாதத்துக்குத் துணையில்லை. கூடவே நாலு பக்கமாவது எழுது. தபால் எடுக்க ஆள் வந்துவிட்டான், முடிக்கிறேன்.

உன்,
ஆராவமுதன்

பி.கு.: ஆராவமுதன் பெயருக்கு லீவு உத்தரவு இப்போதுதான் வந்தது. ரிஜிஸ்டரில் எனக்கு மேலே இருக்கும் கும்பகோணத்து ஆராவமுதன் மூட்டை கட்டுகிறார்.