சர்க்கரை இல்லாத காபி

ஜூலை 6, திங்கள்
மழை வருவதுபோல் இருந்தது, வரவில்லை. ஏரிக் காற்று மட்டும்.

நேற்று அண்ணன் ரயில்வே கேட்டில் நின்றுகொண்டே இருந்தானாம். கேட் மூடியது, ரயில் போனது, திறந்தது. நகரவில்லை. கேட்மேன் கையைப் பிடித்து வீடுவரை கொண்டுவந்து விட்டார். அம்மா அவருக்கு மோர் கொடுத்தாள்.

வேலைக்குப் போய் மாதங்கள் ஆகின்றன. கட்டில். சுவர். கட்டில்.

ஜூலை 7
தாம்பரம். டாக்டரம்மாவிடம் அம்மாவும் நானும் மட்டும்.

"கீழ்ப்பாக்கம் மனநல ஆஸ்பத்திரிக்கா கூட்டிட்டுப் போகணும்?" அம்மா.

"இங்கயே பாக்கலாம் டீச்சர். பிரஷருக்குப் பாக்கறோம்ல, அதே மாதிரி. தள்ளிப் போடாதீங்க."

"வரமாட்டானே. நான் என்ன பைத்தியமான்னு கத்துவான்."

திரும்பும்போது பஸ்ஸில், ஜன்னலைப் பார்த்தபடி அம்மா: "எனக்கு சுகர்னு அவன்கிட்ட சொல்லிடு. துணைக்கு வருவான்."

அம்மா கணக்கு டீச்சர். பொய் சொன்ன பிள்ளைகளை பெஞ்சில் ஏற்றியவள்.

ஜூலை 10, வெள்ளி
வந்தான். கசங்கிய சட்டையோடு.

காய்ச்சல், சொறி, இருமல், கட்டுப் போட்ட கால். எல்லோருக்கும் ஒரே பெஞ்ச். பக்கத்தில் ஒரு மீன்காரம்மா.

"இன்னா தம்பி, உடம்புக்கு இன்னா?"

"அம்மாவுக்கு சுகர்."

"எனக்குந்தான் கீது. சக்கரை இல்லாத டீ, பாத்திரம் கழுவுன தண்ணி மாதிரி. ஒரே பேஜாரு."

அண்ணன் சிரிக்கவில்லை. ஆனால் அவளை நிமிர்ந்து பார்த்தான்.

உள்ளே, டாக்டரம்மா அம்மாவின் நாடியைப் பிடித்தபடியே அவனிடம்: "தூக்கம் வருதா? பசிக்குதா?"

அவன் கண் நிறைந்தது. எங்களை வெளியே உட்காரச் சொன்னார். வெகுநேரம் கழித்து வந்தான், கையில் மாத்திரைக் கவர்.

மனம் பற்றி எம்.ஏ.வில் எவ்வளவோ படித்தேன். இந்த இரண்டு கேள்விகளும் எங்கும் இல்லை.

ஜூலை 24, வெள்ளி
மறுபடி கிளினிக். மாத்திரை ஒழுங்காகப் போடுகிறான். வாய் உலர்கிறதாம். டாக்டரம்மா, "பலன் தெரிய நாளாகும், நிறுத்திடாதீங்க."

அம்மாவுக்கு சர்க்கரை இல்லாத காபி. விளக்கெண்ணெய் முகம். எதிர்வீட்டு ஜாங்கிரியையும் தொடவில்லை.

"அவன் தூங்கறான், சாப்பிடும்மா."

"முழிச்சுட்டா?"

ஆகஸ்ட் 8
சோப்பு, மண்ணெண்ணெய், லைப்ரரி புத்தகம்.

மத்தியானம் அண்ணன்: "இன்னும் கொஞ்சம் ரசம்."

கொல்லைப் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

டாக்டரம்மா. கேட்மேன். மீன்காரம்மா. அந்த பெஞ்ச். நன்றியை எங்கிருந்து தொடங்குவது?

ஆகஸ்ட் 27
தூறல். அடுப்படியில் சத்தம். அண்ணன் காபி போட்டுக்கொண்டிருக்கிறான்!

அம்மா ஒரு வாய் குடித்தாள். நிறுத்தினாள்.

"டேய், சக்கரை போட்டிருக்கியே."

"ரெண்டு ஸ்பூன்."

"எனக்கு சுகர்டா."

"வாரா வாரம் போறோம். உனக்குன்னு ஒரு மாத்திரையாவது குடுத்தாங்களா?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் சொல்லவில்லை என்று தலையாட்டினேன்.

"மொதல் நாளே தெரியும்மா. நாளைக்கு நீ வரவேணாம். நானே போய்ட்டு வரேன்."

அம்மா காபியை முழுக்கக் குடித்தாள். டம்ளரை நீட்டினாள்.

"இன்னும் இருக்கா?"