முழங்கையிலிருந்து விரல் வரை

சீசா, பலெர்மோ, இத்தாலி
12.10.1997

அன்பு மகன் அனுசனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் இங்கே சுகமாக இருக்கிறோம், நீயும் றஞ்சித் சித்தப்பா வீட்டாரும் அங்கே அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் விளக்கு வைக்கும்போதெல்லாம் நான் கேட்பது. உன் கடிதம் வந்து மூன்று கிழமையாகிறது. பதில் பிந்தியது கோபத்தால் இல்லை ராசா, தங்கச்சி அபிதாவிடமிருந்து ஒரு செய்தி வரும்வரை பேனா ஓடவில்லை.

எயார் றைபிள் வாங்கியதையும், பின்வளவில் பால்பேணிகளை அடுக்கிவைத்துச் சுடுவதையும், விசையை இளக்கி, சுருள்வில்லுக்குக் கிறீஸ் பூசி, மேலே தொலைநோக்கி பூட்டியதையும் நாலு பக்கத்துக்கு எழுதியிருந்தாய், படிப்பைப் பற்றி மூன்று வரி. துவக்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்கிற உன் படத்தைக் கண்டதும் நான் அதைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். துவக்குக்குப் பயந்துதானே பதினைந்து வயதில் உன்னைக் கனடாவுக்கு அனுப்பினோம். அப்பாவோ, என்ரை பிள்ளை எப்பிடி நிமிர்ந்து நிக்கிறான் பார் என்று சிரிக்கிறார். மேல்வீட்டு அலோசியஸ், என்னக்கா, மோன் தகரப்பேணியளோடை சண்டை துவங்கிட்டானோ என்று பகிடி விட்டார். எனக்கும் சிரிப்பு வந்திருக்கும், உன் கடைசி வரியை வாசிக்காமல் இருந்திருந்தால். இதே படத்தைத் தங்கச்சிக்கும் கொழும்புக்கு அனுப்பியிருக்கிறேன் என்று எழுதியிருந்தாயே, அந்த வரி.

அவளும் குகனேஸ்வரி பெரியம்மாவும் வெள்ளவத்தை லொட்ஜ் அறையில் இத்தாலி விசாவுக்குக் காத்திருக்கிறார்கள், கிழமைக்கு இரண்டு தரமாவது பொலிஸ் வந்து பெட்டியைக் கொட்டிப் பார்க்கிறது என்பது உனக்குத் தெரியாதா? அண்ணன் துவக்கோடு நிற்கிற படத்தைக் கண்டால், அதற்குள் காற்றும் ஈயமணியும்தான் என்று யார் சொல்வது, சொன்னால் யார் கேட்பது. இங்கே குவெஸ்தூரா பொலிஸ் கந்தோர் வாசலில் நாள்கணக்காக நின்று அவளுக்கென்று எடுத்த கடுதாசிகளெல்லாம் வீணாகிவிடும், அவளையே கொண்டுபோய்விட்டால் நான் என்ன செய்வேன். பல்லரோச் சந்தையில் ரெலிபோன் காட் வாங்கி லொட்ஜுக்குப் போன் எடுத்தேன். போனில் துவக்கு என்ற சொல்லைச் சொல்லவும் பயம். அண்ணாவின் கடிதம் வந்தால் படத்தை வைத்திருக்காதே என்று மட்டும் சொன்னேன். அவள், ஏனம்மா, அண்ணா அவ்வளவு வடிவில்லாமலோ இருக்கிறார் என்று கேட்கிறாள். அதற்குப் பிறகு நான் வேலை செய்கிற சினியோரா வீட்டில் எத்தனை கோப்பை உடைத்தேன் என்று கேளாதே.

போன வியாழன் அவளே எடுத்தாள். கடிதம் வந்துவிட்டதாம். பெரியம்மா முழுப் படத்தையும் அடுப்பில் போடப் போனாவாம், இவள் விடவில்லை. கத்தரிக்கோலால் கழுத்தோடு வெட்டி, கீழ்த்துண்டை எரித்துவிட்டு, உன் முகத்தை மட்டும் பிள்ளையார் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறாளாம். அண்ணாக்கு மீசை வந்திட்டுதம்மா என்றாள். அதோடு அவளுடைய காட் முடிந்துவிட்டது.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். துவக்கில் தோளுக்கு வைக்கிற மரக்கட்டை உனக்குப் பொருந்தவில்லை, அப்பா புதிதாகச் செதுக்கித் தருவாரா என்று கேட்டிருந்தாய். நான் வேண்டாம் என்றுதான் நின்றேன். ஆனால் பிரான்காச்சோவில் அவர் வேலை செய்கிற மரப் பட்டறை முதலாளி நல்ல வால்நட் மரத்துண்டொன்று கொடுத்துவிட்டார், பஸ்ஸில் அதைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு வந்தார். கட்டையின் நீளம் மடக்கிய முழங்கையிலிருந்து சுட்டுவிரல் வரை இருக்க வேண்டுமாம். அவர் தன் கையை வைத்துக் கோடு போட்டார். பிள்ளையின் கை இவ்வளவு நீளமில்லை என்றேன் நான். உமக்கு என்ன தெரியும், அவன் வளந்திட்டான் என்றார் அவர். உன் பள்ளிக்கூடச் சட்டைக்கு நான் அளவெடுத்த கைதானே எனக்குத் தெரிந்த கை. கொஞ்ச நேரம் வாக்குவாதப்பட்டோம், பிறகு இரண்டு பேருக்குமே தெரியாது என்று விளங்கியதும் அப்பா பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்.

சுடும்போது கண்ணுக்குக் கண்ணாடி போடு, பேணிகளுக்குப் பின்னால் தடித்த பலகை வை, அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் வந்தால் ஈயமணியைக் கழற்றிவிடு. துவக்கோடு எடுத்த படம் இனி இலங்கைக்குப் போகக் கூடாது. தங்கச்சிக்கு வேறு படம் அனுப்பு, வெறுங்கையோடு, முழு ஆளாக நில். எங்களுக்கும் ஒன்று. எல்லாத் தெய்வமும் உனக்குத் துணையிருக்கட்டும், நேரத்துக்குச் சாப்பிடு.

மறக்காமல் உன் கையைச் சித்தப்பாவைக் கொண்டு அளப்பித்து எழுது. மரம் எங்கள் கட்டிலுக்குக் கீழே இருக்கிறது, அளவு வரும்வரை அப்பா அதை அறுக்க வாள் வைக்கமாட்டாராம்.

உன் வரவுக்கு ஏங்கும் அம்மா,
ஞானம்பிகை