மாரப்பன் ரத்தத்தில் ஈயம்

1937, ஆவணி 12

அச்சாபீஸில் ஈய எழுத்துக் கோக்கும் மாரப்பன் இன்று சாயங்காலம் என் டிஸ்பென்சரிக்கு வந்தான்.

முதலாளி கேட்டுக்கொண்டதால், போன வாரம் அங்கே வேலை செய்யும் ஆறு பேரின் ரத்தத்தையும் மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். மாரப்பனின் சிவப்பணுக்களில் மட்டும் நீலப் புள்ளிகள் நிறைய இருந்தன. உடம்பில் ஈயம் ஏறியிருப்பதற்கு அது அடையாளம். பல் ஈறிலும் நீலக் கோடு ஓடியிருந்தது. "நல்லா இருக்குதுன்னு எழுதிப்போடுங்க டாக்டருங்க" என்று அன்றே கெஞ்சினான். நான் உள்ளதை எழுதினேன். அறைக்கு ஜன்னல் வைக்க வேண்டும், சாப்பிடுமுன் கைகழுவ சோப்பு கொடுக்க வேண்டும், இவனுக்கு வேறு வேலை தர வேண்டும் என்றும் சேர்த்து எழுதினேன்.

முதலாளி ஜன்னல் வைக்கவில்லை. ஆளை மாற்றிவிட்டார்.

"என்னைய நிறுத்திப்போட்டாங்க. என்ற தம்பிய அதே எடத்துல வெச்சிருக்காங்க. அவனுக்கு எத்தன மாசத்துல இது வருமுங்க?"

குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது எனக்கு.

"தெரியல மாரப்பா. மாசம் ஒருக்கா அவனக் கூட்டிட்டு வா, ரத்தத்தப் பாக்கறேன்."

"பாத்து, இருந்துச்சுன்னா எழுதுவீங்களாங்க?"

லென்ஸைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். அவன் "வாரேனுங்க" என்று எழுந்து போனான்.

எழுதினால் தம்பியின் வேலையும் போகும். எழுதாவிட்டால் அவன் அங்கேயேதான் நின்றுகொண்டிருப்பான்.