மூன்று பதிப்புகளும் இடது பக்கமும்

ஜூலை 7

ஞாயிறு. அத்தா கடையிலிருந்து வருவதற்குள் கேட்டு முடித்துவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன். ஒரே ஆல்பம்; எழுபதுகளில் நான்கு ஆங்கிலேயர்கள் வாசித்தது. என்னிடம் மூன்று சிடிகள். முதலில் ஜப்பானில் அடித்தது, தொண்ணூறுகளில் ஒலியைத் திருத்தி வெளியிட்ட ரீமாஸ்டர், போன மாதம் வந்த புதுப் பதிப்பு. ஆல்பம் சேர்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் எல்லாரும் என் தீர்ப்புக்குக் காத்திருக்கிறார்கள்.

தொண்ணூறுகளுடையதில் நான்கு பேரும் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள். புதியதை ஒலியளவைக் குறைத்துச் சமப்படுத்திக் கேட்டேன். சத்தம் கூடினாலே நல்லதென்று மனசு ஏமாறும். பாஸ் கிடார் அருமை. ஆனால் மூன்றாவது பாட்டில், இடது பக்கம் வர வேண்டிய டிரம்மின் பித்தளைத் தட்டு இல்லை. துடைத்து எடுத்தது மாதிரி. ரீமாஸ்டரிலும் அப்படித்தான். ஜப்பான் சிடியை ஓட்டவில்லை. அது எனக்கு மனப்பாடம்.

"எக்கா, ஒரே பாட்ட எம்புட்டுத் தடவ கேப்ப? களவாண்டவனப் பிடிக்கப் போறவ மாதிரில்லா உக்காந்திருக்க" என்றாள் சப்ரீன். தங்கைக்கு எல்லாமே வேடிக்கை.

ஜூலை 8

எழுதிப் போட்டுவிட்டேன். 'இடது பக்கத்தின் உச்சஸ்தாயி ஒலிகளை வெட்டியிருக்கிறார்கள். ஜப்பான் பதிப்பு வைத்திருப்பவர்கள் இதை வாங்க வேண்டாம்.' சற்றுக் கடுமைதான். "சார், உங்க காது வேற லெவல்" என்று உடனே ஒருவர். அங்கே எல்லாருக்கும் நான் சார்; அல்ஃபியா என்று யாருக்கும் தெரியாது. திருத்தியதில்லை. அப்படியே இருக்கட்டும்.

ஜூலை 10

மில். லேபில் சோதிக்க நூல் மாதிரி எடுக்க மெஷின் ஷெட்டுக்குள் நாலைந்து முறை போனேன். உள்ளே ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்காது. எல்லாரும் வாயசைவைப் பார்த்தே பேசிக்கொள்வோம். நான்கு மெஷினுக்கு அந்தப் பக்கம் நின்று பொன்மணியக்கா, சூப்பர்வைசரின் மீசைச் சாயத்தைப் பற்றி ஏதோ சொல்ல, நான் வெடித்துச் சிரித்தேன். என்னோடு லேபில் இருக்கும் யோகேஸ்வரிக்கு ஒன்றும் புரியவில்லை. "ஒனக்கு மட்டும் எப்பிடிட்டி வெளங்குது?" என்றாள். பெருமையாக இருந்தது.

ஜூலை 12

கோயம்புத்தூர் விக்னேஷ்வரன் பதில் போட்டிருக்கிறார். 'மூன்று பதிப்பிலும் அந்தத் தட்டு இருக்கிறது சார். புதியதில்தான் இன்னும் தெளிவு.'

எரிச்சல். இவருக்கு என்ன தெரியும்? ஜப்பான் சிடியைப் போட்டேன், நிரூபிக்க.

இல்லை. அதிலும் இல்லை.

சிடி அரித்துப் போயிருக்குமோ? வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒரு புள்ளி இல்லை. ஹெட்போன் வயரா? யோகேஸ்வரியின் இயர்போனைக் கேட்டு வாங்கியிருக்கிறேன். அதிலும் இல்லை. அப்படியானால் பிளேயர். பிளேயராகத்தான் இருக்க வேண்டும். ஆனால் போனிலும்...

ஜூலை 14

ஹெட்போனைப் பக்கம் மாற்றி மாட்டினேன்.

தட்டு இருக்கிறது. கூர்மையாக, விக்னேஷ்வரன் சொன்னபடியே. அது வலது காதில் கேட்கிறது. இதுவரை வலது காதில் கேட்ட கிடார் இடது காதுக்குப் போனதும் அதன் கூர்மையைக் காணோம்.

எத்தனை நாளாக? எத்தனை வருஷமாக? ஜப்பான் சிடியைக் கடைசியாக எப்போது முழுதாகக் கேட்டேன்?

ஜூலை 15

அடுப்படியில் சப்ரீனிடம் கேட்டேன். நீ பேசும்போது எனக்குக் கேட்கிறதா, இல்லையா?

"அதான் வாயவே பாத்துட்டுல்லா நிப்ப. திரும்பி நின்னு கூப்பிட்டா ஒரு பதிலுங் கெடையாது. திமிருன்னு நெனச்சேன்."

திமிர்! ஷெட்டில் பழகியதை வீட்டுக்கும் கொண்டுவந்திருக்கிறேன். எனக்கே தெரியாமல் கண்ணால் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஜூலை 20

மதுரை. காது ஆஸ்பத்திரியில் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, ஒலி வந்தால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். அழுத்தாமலே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். தெரிந்துகொள்ள அது போதுமாக இருந்தது.

இடது காதில் உச்சஸ்தாயி ஒலிகள் போய்விட்டன. திரும்பாது. வலது லேசாகத் தொடங்கியிருக்கிறது. மில் சத்தம் ஒரு காரணம், அது மட்டும்தான் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர். இருப்பதைக் காப்பாற்றலாம். ஹெட்போன் வேண்டாம். ஷெட்டுக்குள் காதடைப்பான் இல்லாமல் போகக் கூடாது.

திரும்பும்போது பஸ்ஸில் அம்மா என் வலது பக்கம் வந்து உட்கார்ந்தாள். பரிவு என்று நினைத்தேன். "யார்ட்டயும் மூச்சு விட்றாத. வத்திராயிருப்புலருந்து அவிய பொண்ணு பாக்க வாராக. கல்யாணம் முடியட்டும், பொறவு பாத்துக்கிடலாம்."

பிறகு என்ன பார்ப்பது? அந்த மனிதர் பின்னால் நின்று கூப்பிடுவார். நான் திரும்ப மாட்டேன். திமிர் என்பார்.

ஜூலை 23

குழுவில் எழுதினேன். 'புதுப் பதிப்பில் குறை இல்லை. குறை என் இடது காதில். வாங்க வேண்டாம் என்று சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன்.' பிறகு விக்னேஷ்வரன்: 'உடம்பைப் பாருங்க சார். பாட்டு எங்கயும் போயிராது.'

சார் என்பவருக்கு உண்மை பேசுவது எவ்வளவு லேசு. அல்ஃபியாவுக்கு?

ஜூலை 29

ஆரஞ்சு நிறக் காதடைப்பானோடு ஷெட்டுக்குள் போனேன். "ஏட்டி, காதுல என்ன கேரட்டா?" என்று வாயசைத்தாள் பொன்மணியக்கா. மத்தியானம் கேன்டீனில் தனியாக வந்து, "இன்னொண்ணு வச்சிருக்கியா?" என்றாள்.

ஆகஸ்ட் 7

ஊரில் தேரோட்டம். மில்லிலிருந்து ஏறிய ராஜபாளையம் பஸ் ஊருக்குள் வரவில்லை. கூட்டத்தில் நடந்தே வந்தேன். யாராவது இடது பக்கத்திலிருந்து கூப்பிட்டிருப்பார்களோ என்று வழியெல்லாம் திரும்பித் திரும்பிப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 11

வத்திராயிருப்புக்காரர்கள் வந்து போய்விட்டார்கள்.

"தலையக் குனிஞ்சே இரு" என்று அம்மா காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தாள். குனிந்தால் யார் வாயும் தெரியாது. மாப்பிள்ளையின் அம்மா நேராக என் இடது பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மெதுவாகப் பேசுகிறவர். ஏதோ கேட்டார். "ம்" என்றேன். மறுபடி கேட்டார். அம்மா குறுக்கே விழுந்து, "வெக்கப்படுதா" என்று சிரித்தாள்.

மூன்றாவது "ம்" வாய் வரைக்கும் வந்துவிட்டது. அதைச் சொல்லியிருந்தால் இன்றைய பொழுது எப்படியோ ஓடியிருக்கும்.

நிமிர்ந்தேன். "மாமி, இந்தப் பக்கம் வந்து உக்காருங்க. அந்தக் காது எனக்குச் சரியாக் கேக்காது."

அம்மாவின் கையில் கேசரித் தட்டு அப்படியே நின்றது. மாமி எழுந்தார். போகத்தான் எழுந்தார் என்று நினைத்தேன். சேலையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு சுற்றி வந்து, வலது பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஒண்ணுமில்லம்மா. மில்லுக்கு எத்தன மணிக்குப் போவன்னு கேட்டேன்."

சொன்னேன்.

அம்மா இன்னும் என்னோடு பேசவில்லை. வத்திராயிருப்பிலிருந்து போன் வரவில்லை, வராமலும் போகலாம். எனக்கு நன்றாகப் பசித்தது. மிச்சமிருந்த கேசரியைச் சட்டியோடு எடுத்துவைத்துக்கொண்டு நானும் சப்ரீனும் தின்று தீர்த்தோம்.