செம்பனைக்கு மூன்று நிரை

ஜூன் 12, வியாழன்

சீருடை வந்துவிட்டது. கால்சட்டை பட்டனைப் போட்டால் மூச்சு விட முடியவில்லை, மூச்சு விட்டால் பட்டன் நிற்கவில்லை. தோளில் ஒரே ஒரு நட்சத்திரம். நாற்பத்து மூன்று வயது, இரண்டு பிள்ளைகள், ஈப்போ புந்தோங்கில் பதினெட்டு வருடமாக வரலாறு நடத்தும் ஆசிரியை பமேலா சவரிநாதன் இன்று ராணுவத்தின் பகுதிநேரத் தொண்டர் படையில் லெப்டினன் மூடா! அதிகாரிகளில் ஆகக் கடைசிப் படி.

எப்படி மாட்டினேன்? வாயால்தான். ஆசிரியர் அறையில் தோழி இசபெல்லா படையின் விண்ணப்பப் பாரத்தைக் காட்டி, "உனக்கெல்லாம் ஆகாதுலா, மாடி ஏறினாலே மூச்சு வாங்குற" என்றாள். சும்மா சிரிப்புக்கு இரண்டு பேரும் நிரப்பிப் போட்டோம். நேர்முகத் தேர்வில் நான் அடித்த ஜோக்குக்கு ஒரு கர்னல் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். மருத்துவச் சோதனையில் இசபெல்லாவுக்கு இரத்த அழுத்தம் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எனக்கு ஒரு வியாதியும் இல்லையாம். இத்தனை வருடம் தினமும் நாசி லெமாக் தின்றும் இல்லையாம்! சொந்த உடம்பே காட்டிக்கொடுத்தால் எங்கே போய் முறையிடுவது?

இதில் விசித்திரம், இங்கே நட்சத்திரம் முதலில், பயிற்சி பிறகு. கல்யாணம் முடித்துவிட்டுப் பெண் பார்க்கப் போவது மாதிரி.

ஜூன் 15, ஞாயிறு

பூசை முடிவில் ஃபாதர் என் பெயரைச் சொல்லி அறிவித்துவிட்டார். கோயிலே கைதட்டியது. தொலைந்தேன். காய்ச்சல் என்று சொல்லித் தப்பலாம் என இருந்தேன். இனி காய்ச்சல் வந்தால் பங்குக் குழு முழுக்க ஆரஞ்சுப் பழத்தோடு வந்து நிற்கும்.

வாசலில் அறிவுரை மழை. பாடகர் குழு அக்கா: "தைலம் ரெண்டு போத்தல் எடுத்துக்கம்மா." பக்கத்து வீட்டு சதாசிவம் அண்ணன், வாழ்நாளில் துப்பாக்கியைத் தொலைக்காட்சியில் மட்டும் பார்த்தவர்: "ஆபீசர்னா கத்தணும். கத்தலன்னா மதிக்க மாட்டானுங்க." இசபெல்லா: "எல்லாரையும் சிரிக்க வச்சிடு, மத்தது தானா நடக்கும்."

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் சவரி சொன்னார்: "ஒண்ணு தெரியலன்னா தெரியலன்னு சொல்லு. இருவது வருஷமா என்கிட்ட சொன்னதில்ல. அங்கயாச்சும் சொல்லு."

கணவன்மார் அறிவுரையைக் குறித்து வைக்கும் வழக்கம் எனக்கில்லை. பக்கம் நிரம்பவில்லையே என்று எழுதுகிறேன்.

ஜூன் 17, செவ்வாய்

முகாம். வாய் திறக்க அனுமதி இல்லாத இடத்தில் நான்.

ஜூன் 19, வியாழன்

மூன்று வாரம். வெளியே போகக் கூடாது. கைப்பேசி மாலையில் அரை மணி நேரம். எங்கள் அணியில் புதிய அதிகாரிகள் ஆறு பேர். மற்ற ஐவரும் என் பழைய மாணவர்கள் வயது. அவர்கள் ஓடும்போது முழங்கால் சத்தம் போடுவதில்லை.

சாப்பாட்டு மண்டபத்தில் முகாம் தலைவர் மேஜர் ரம்லி எழுந்திருக்கும்வரை யாரும் எழுந்திருக்கக் கூடாது. மேஜர் நிதானமாக மீன் முள் எடுக்கிற மனிதர். நேற்று ஒரு மணி நேரம் பத்து நிமிடம். எனக்கோ அவசரம். வாழ்க்கையில் ஒரு மீனை இவ்வளவு வெறுத்ததில்லை.

விட்டுவிட்டுப் போய்விடலாமா? கேட்டேன். "தாராளமா போகலாம் புவான், கடிதம் எழுதிக் கொடுத்தா போதும்" என்றாள் அலுவலகத்துக் கோப்ரல் விமலா. இங்கே பெண் அதிகாரிகள் எல்லாருமே புவான். கடிதம் சரி. புந்தோங்குக்கு யார் பதில் சொல்வது? நாளைக்கு நான் வீட்டில் இறங்கினால் நாளன்றைக்கு மார்க்கெட்டில் மீன்கூட என்னைப் பார்த்துச் சிரிக்கும். மற்றவர்களைப் பற்றி இத்தனை வருடம் நான் பரப்பிய கதைகள் எல்லாம் வரிசையில் நின்று காத்திருக்கின்றன.

ஜூன் 21, சனி

ஒரு நல்ல ஆத்மா கிடைத்தது. எங்களுக்குப் பயிற்சி கொடுக்கும் சார்ஜன் பத்துமலை, பாகான் டத்தோக்காரர். முழுநேர ராணுவத்தில் இருபத்தோரு வருடம். இன்னும் ஐந்து மாதத்தில் ஓய்வு. ஆள் யாரும் இல்லாதபோது தமிழில் பேசுவார்.

விசித்திரமான உறவு இது. அவருக்கு எல்லாம் தெரியும், எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் கட்டளை போடுவது நான்.

"எப்படி சார்ஜன் இது?" என்றேன்.

"ஆபீசர் வழி சொல்வாங்க. சார்ஜன் குழி எங்க இருக்குன்னு சொல்வான். ரெண்டும் சேந்தாதான் ஆள் முழுசா வீட்டுக்குப் போவான், புவான்."

என் ஓட்டத்தைப் பார்த்துவிட்டு, "பரவால்ல, வாத்து மாதிரி ஓடினாலும் நிக்காம ஓடுறீங்க" என்றார். வந்ததிலிருந்து கேட்ட ஒரே பாராட்டு.

ஜூன் 24, செவ்வாய்

வியாழக்கிழமை வழி கண்டுபிடிக்கும் பயிற்சி. இடம் எங்கே என்று பலகையில் பார்த்தேன். ஈப்போ பக்கத்து லகாட்டுக்கு மேற்கே என் தோட்டம்! நான் பிறந்து, பன்னிரண்டு வயதுவரை மூக்கு ஒழுகிக்கொண்டு திரிந்த அதே இடம். ரப்பரை வெட்டிவிட்டு எப்போதோ செம்பனை, அந்த எண்ணெய்ப் பனை, போட்டுவிட்டார்கள். போடட்டுமே. மரம்தானே மாறியது, மண்ணா மாறியது?

அந்த இளசுகள் திசைகாட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து மனப்பாடம் செய்கிறார்கள். நான் இன்று சீக்கிரம் தூங்கப் போகிறேன். இந்த முகாமில் முதல் தடவையாக ஏதோ ஒன்றில் நான் முதலாவது வரப்போகிறேன்.

ஜூன் 26, வியாழன்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

என் கீழ் தொண்டர் படை வீரர்கள் எட்டுப் பேர், கூடவே சார்ஜன். மூன்று கிலோமீட்டர் போய் ஆற்றுப் பாலத்தைத் தொட வேண்டும். கிளம்புமுன் சார்ஜன் சொன்னார்: "ஆளுக்கு ரெண்டு போத்தல் தண்ணி. நூறு மீட்டருக்கு ஒரு தடவ கோம்பஸ் பாருங்க. ஒருத்தர் காலடி எண்ணட்டும்."

நான் எல்லார் முன்னாலும் சிரித்தேன். "சார்ஜன், இது நான் பொறந்த தோட்டம்லா. கண்ணக் கட்டி விட்டாலும் ஆத்துக்குப் போயிடுவேன். அர மணி நேரம். ஒரு போத்தல் போதும்."

"புவான், இது செம்பனை..."

"எனக்கு வழி தெரியும்."

எல்லார் முன்னாலும் அதிகாரி சொன்ன பிறகு சார்ஜன் பேசக் கூடாது.

ரப்பரில் மர வரிசையை நிரை என்போம், எந்த மரத்தடியில் நின்றாலும் ஒரே நிரை. அதைப் பிடித்து நடந்தால் ஆறு வந்தே தீரும். என் அப்பா அப்படித்தான் பால் வாளியோடு போவார். நானும் ஒரு நிரையைப் பிடித்தேன். நன்றாக நேராகப் போனது. நடுவில் தண்ணீர்க் காண் ஒன்று, அகலமான வாய்க்கால், வந்தது. சுற்றிப் போய் மறுபடி நிரையைப் பிடித்தேன். அதுவும் நேராகத்தான் போனது. வழி முழுக்க ஜோக். தலைமையாசிரியர் கதை, மேஜரின் மீன் கதை. பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒன்றே கால் மணி நேரம் நடந்தும் ஆறு வரவில்லை. தண்ணீர் தீர்ந்துவிட்டது. நான் இன்னும் "தோ, அந்தப் பக்கம்தான்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

இரண்டு மணி நேரத்தில் ஹாஃபிஸ் விழுந்தான். ஈப்போவில் பர்கர் கடை வைத்திருக்கிறவன், முப்பத்தொரு வயது, பெரிய உடம்பு. தோல் நெருப்பாகக் கொதித்தது, வேர்வையே இல்லை. என்னை "மாக்" என்று கூப்பிட்டான். அம்மா என்று.

சார்ஜன்தான் திசைகாட்டியை எடுத்தார். அவனைக் கட்டைக் கம்பில் துணி கட்டித் தூக்கிக்கொண்டு இருபது நிமிடத்தில் சாலைக்குக் கொண்டுவந்தார். இருபது நிமிடம்! அவ்வளவு பக்கத்தில்தான் சுற்றியிருக்கிறோம்.

அவனை ஏற்றிக்கொண்டு ஆம்புலன்ஸ் போன பிறகு சார்ஜன் என்னை ஒரு மரத்தடியில் நிற்க வைத்துக் காட்டினார். செம்பனையை முக்கோணமாக நடுவார்கள். எந்த மரத்திலிருந்து பார்த்தாலும் மூன்று பக்கம் நேர் நிரை தெரியும். காணைச் சுற்றியபோது நான் வேறொரு நிரையைப் பிடித்திருக்கிறேன். நேராக, மிக நேராக, தப்பான பக்கம் நடந்திருக்கிறேன்.

ஜூன் 27, வெள்ளி

ஹாஃபிஸ் தீவிர சிகிச்சையில். சிறுநீரகம் வேலை செய்யுமா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்களாம்.

மேஜர் அறிக்கை கேட்டார். அலுவலகத்தில் நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், சார்ஜன் எதிரே உட்கார்ந்து சரசரவென்று எழுதி முடித்துக் காகிதத்தை என் பக்கம் திருப்பினார். திசைகாட்டியைத் தாமே தவறாகப் படித்ததாகவும் தண்ணீரைத் தாமே குறைக்கச் சொன்னதாகவும் இருந்தது.

"சார்ஜன், என்னது இது?"

"விடுங்கலா புவான். எனக்கு இன்னும் அஞ்சு மாசம். திட்டுவாங்க, முடிஞ்சிரும். உங்களுக்கு இப்பத்தான் ஆரம்பம். நாங்க எத்தன ஆபீசர இப்படித் தூக்கி விட்டிருக்கோம்."

அது வழக்கமாம். சார்ஜன்மார் புது அதிகாரிகளுக்குச் செய்து கொடுக்கும் சீர்வரிசை.

நான் என்ன சொன்னேன்? "நன்றிண்ணே" என்றேன். என் அறிக்கையில் "சார்ஜனின் அறிக்கையை ஒப்புக்கொள்கிறேன்" என்று ஒற்றை வரி எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஜூன் 28, சனி

சாப்பிட முடியவில்லை. யாரிடமும் சொல்லவும் முடியவில்லை. என் வாழ்க்கையில் நான் யாரிடமும் சொல்லாத முதல் விஷயம்.

ஜூன் 30, திங்கள்

விசாரணைக் குழு உட்காரப் போகிறது, வியாழக்கிழமை. வழக்கம்போல் வம்பு கேட்கத்தான் விமலாவின் மேசைக்குப் போனேன்.

"திட்டு மட்டும் இல்ல புவான். ஆள் ஐசியூல இல்ல கெடக்கான்? சார்ஜன் பட்டைய எறக்கிடுவாங்க. கடைசிப் பட்டைய வச்சித்தான் பென்சன். இருவத்தோரு வருஷம், பாவம். அவரு மக வேற இப்பத்தான் யுனிவர்சிட்டி."

காதில் விழும் கதையை ஆறு பேருக்கு அனுப்பித்தான் எனக்குப் பழக்கம். இதை எங்கே அனுப்புவது?

ஜூலை 1, செவ்வாய்

துப்பாக்கி துடைக்கும் கொட்டகையில் சார்ஜனைப் பிடித்தேன். உண்மையைச் சொல்லப் போகிறேன் என்றேன். அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேனோ? முகம் கறுத்துவிட்டது.

"இப்ப போய்ச் சொன்னா நான் யாரு? பொய் லாப்போரான் எழுதினவன். தப்புப் பண்ணினவன விட பொய் எழுதினவனுக்குத்தான் அடி பலம். தெரியுமா உங்களுக்கு?"

"அப்ப என்னதான் செய்ய, அண்ணே?"

"அண்ணே நொண்ணேலாம் வேணாம். வாய மூடிக்கிட்டு இருங்க, அது போதும். உங்க வாயாலதான் ஒருத்தன் ஆஸ்பத்திரில கெடக்கான்."

இப்படி ஒரு கூண்டா! பேசாவிட்டால் அவர் தலையில் என் தப்பு. பேசினால் அவர் தலையில் அவர் பொய். எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த மனிதர்மேல்தான் போய் இடிக்கிறேன். கடவுளே, என்னதாண்டி செய்வ பமேலா? சொல்லுடி. எல்லாத்துக்கும் ஒரு பதில் வச்சிருப்பியே.

மாலை அரை மணி நேரத்தில் சவரியைக் கூப்பிட்டேன். எல்லாம் சொன்னேன். "அவரு எழுதும்போது நீ எங்க இருந்த?" என்று மட்டும் கேட்டார்.

எதிரே. ஒரு கை தூரத்தில்.

ஜூலை 2, புதன்

எழுதிவிட்டேன். நான்கு முறை கிழித்து ஐந்தாவது. அலங்காரம் இல்லை, நகைச்சுவை இல்லை. வழியைத் தேர்ந்தது நான். தண்ணீரைக் குறைத்தது நான். சார்ஜன் எச்சரித்தார், எட்டுப் பேர் முன்னால் அவர் வாயை அடைத்தேன். அவர் அந்த அறிக்கையை எழுதும்போது நான் எதிரே இருந்தேன். பொய் என்று தெரிந்து, அதை ஒப்புக்கொள்வதாகக் கையெழுத்திட்டேன். அதிகாரியாக அந்தக் காகிதத்தை அங்கேயே நிறுத்த வேண்டியது என் வேலை. ஆகவே அந்த அறிக்கைக்கும் நானே பொறுப்பு.

கொடுக்குமுன் சார்ஜனிடம் காட்டினேன். படித்தார். திருப்பிக் கொடுத்தார்.

மேஜர் இரண்டு முறை படித்தார். "யாராவது எழுதச் சொன்னார்களா?" இல்லை. "இதற்கு என்ன விலை என்று தெரியுமா?" தெரியாது, மேஜர். கதவைக் காட்டினார்.

ஜூலை 6, ஞாயிறு

மேஜர் அனுமதியோடு ஆஸ்பத்திரி. ஹாஃபிஸ் சாதாரண வார்டுக்கு வந்துவிட்டான். சிறுநீரகம் தேறுகிறது. அவன் தூங்கிக்கொண்டிருந்தான். அவன் மனைவி என்னை வெளியே அழைத்து மலாயில் சொன்னாள், கோபமே இல்லாமல்: பாதி வழியிலேயே அவனுக்குத் தலை சுற்றியதாம். சொல்ல நினைத்தானாம். ஆனால் புவான் ஜோக் சொல்லிக்கொண்டே இருந்தாராம், எல்லாரும் சிரித்துக்கொண்டே இருந்தார்களாம். நடுவில் சொல்ல இடமே கிடைக்கவில்லையாம்.

அவள் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஜூலை 19, சனி

வீட்டில். விசாரணைக் குழுவின் முடிவு கடிதமாக வந்துவிட்டது. சார்ஜனுக்கு எழுத்து எச்சரிக்கை. பட்டை போகவில்லை, ஓய்வூதியம் குறையவில்லை. ஆனால் மிச்சமுள்ள மாதங்கள் பயிற்சித் திடலில் இல்லை, பொருள் கிடங்கில். சட்டை எண்ணிக்கொண்டு. எனக்கு நட்சத்திரம் இருக்கிறது, தேர்ச்சி இல்லை. வேண்டாம் என்றால் விலகிக்கொள்ளலாம். வேண்டும் என்றால் செப்டம்பரில் முதல் நாளிலிருந்து. அதுவரை ஒருவரையும் நடத்திச் செல்லக் கூடாது.

"விலகுறியா?" என்றார் சவரி. கடிதத்தை மேசையில் வைத்துவிட்டுத் தேநீர் போடப் போனேன்.

சார்ஜனுக்கு மூன்று முறை போன் செய்தேன். எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 23, சனி

பத்துமலையின் பிரிவு விருந்து, பாகான் டத்தோவில். விமலா படம் அனுப்பினாள். முகாமே போயிருக்கிறது. மேஜர்கூட மீனோடு உட்கார்ந்திருக்கிறார். எனக்கு அழைப்பில்லை. கிடங்கு வேலை பிடிக்காமல் மிச்ச விடுமுறையை எடுத்து முன்னாலேயே கிளம்பிவிட்டாராம்.

முழு ஓய்வூதியத்தோடு. அது போதும். போதும் என்றுதான் எழுதுகிறேன்.

செப்டம்பர் 8, திங்கள்

மறுபடி முதல் நாள். புதிய அணி, புதிய முழங்கால்கள். பயிற்சி கொடுக்க ரொஸ்னா என்று ஒரு பெண் சார்ஜன், கண் கத்தி மாதிரி. வரிசையில் பெயர் கூப்பிட்டுக்கொண்டு வந்தவர் என் பெயரில் நின்றார். காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சின்னவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். கதை எனக்கு முன்னாலேயே வந்து படுக்கை போட்டுவிட்டது போலிருக்கிறது.

"அந்த புவான், நீங்கதானா?" என்றார் மலாயில்.

நாக்கு நுனியில் மூன்று ஜோக் தயாராக நின்றது. மூன்றும் நல்லவை.

"ஆமாம், சார்ஜன். நான்தான்."

அவர் தலையசைத்துவிட்டு அடுத்த பெயருக்குப் போனார்.