அரங்குக்குள் ஒரு மலை

அன்புள்ள அக்காவுக்கு,

வாலு எழுதுவது. அப்பா, அம்மா நலம். நான்தான் போர்வைக்குள் விளக்கை வைத்துக்கொண்டு ஒளிந்து எழுதுகிறேன். இதை அம்மாவின் கைப்பேசியில் படம்பிடித்து உனக்கு அனுப்பிவிட்டு அழித்துவிடுவேன். பதில் போடாதே, மாட்டிக்கொள்வேன்.

நாளைக் காலை அப்பாவின் நிலவியல் துறைக்குத் தரக்குழு வருகிறது. பட்டம் வாங்குகிறவருக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று ஒவ்வொரு பாடத்துக்கும் வகுத்திருக்கிறார்களே, அதன்படி துறை நடக்கிறதா என்று பார்ப்பார்கள். பழைய மாணவியான உன்னிடமும் தொலைபேசியில் கேட்பார்கள். களப்பயிற்சி நன்றாக நடந்ததாகச் சொல்லும்படி அப்பா உன்னிடம் கேட்டதும், நீ சரி என்றதும் என் காதில் விழுந்தன.

அப்படிச் சொல்லாதே அக்கா.

களப்பயிற்சிக்கு யாரும் மலைக்குப் போவதில்லை; துறையின் அந்தப் பெரிய அரங்கில் இன்றைக்கும் அதே கற்கள்தான். எண் ஒட்டி, மேசைகளுக்கு நடுவே பரப்பி, மின்விசிறிக்கடியில் நடந்து ‘மலை’யை வரைகிறார்கள். வெயில் படாத மலை என்று மாணவர்களே கேலி செய்கிறார்கள். நீ வரைந்து முதல் பரிசு வாங்கிய படம் அங்கே கண்ணாடிச் சட்டத்தில் தொங்குகிறது. நாளைக்கு அதைத்தான் காட்டப்போகிறார்கள்.

ஆனால் படித்து முடித்து நீ நிலவியல் வேலைக்குப் போன முதல் நாள் களத்தில் நடந்ததை என்னிடம் மட்டும் சொன்னாய். ஒரு கையில் சுத்தியல், மறு கையில் திசைகாட்டி. இரும்பு பக்கத்தில் இருந்ததால் முள் விலகியது தெரியாமல் எல்லோரையும் தப்பான பள்ளத்தாக்குக்கு நடத்திப் போனாய். அரங்கில் யாரும் சுத்தியலைத் தூக்கியதே இல்லையே, எப்படித் தெரியும்? “ஏம்மா, சுத்தியலைக் கேட்டா வடக்கு பாக்குறீங்க?” என்று கூட வந்த வண்டி ஓட்டுநர் சிரித்ததைச் சொல்லி நீயும் சிரித்தாய். பிறகு, அப்பாவிடம் சொல்லிவிடாதே என்றாய்.

அந்தத் தர வரையறையில் ஒரு வரி இருக்கிறது: பட்டம் பெறுபவர் தாம் நடந்து பார்த்த நிலத்தைத் தாமே வரைபடமாக்கத் தெரிந்திருக்க வேண்டும். எழுதியது யார் தெரியுமா? அப்பாதான். இன்று இரவு சாப்பாட்டுத் தட்டின் முன் உட்கார்ந்து, “அந்த வரிய எழுதினதே நான். என் பிள்ளைங்கள ஒரு பாறை மேல ஏத்த முடியல” என்றார். நிர்வாகம் ஒவ்வொரு வருடமும் பேருந்து தர மறுக்கிறதாம். அதையே குழுவிடம் சொல்லுங்களேன் என்று அம்மா கேட்டதற்கு, துறையை மூடிவிடுவார்கள் என்று கையைக் கழுவ எழுந்துவிட்டார்.

மூட மாட்டார்கள் அக்கா. அப்பாவின் மேசையில் கிடந்த விதிகளை வரி விடாமல் படித்தேன். குறை இருந்தால் சரிசெய்ய ஒரு வருடம் தருவார்கள். தேவையானதை நிர்வாகம் கொடுத்தே தீர வேண்டும். அப்பா கேட்டு வராத பேருந்து, நீ சொன்னால் வரும்.

அடுத்த வருடம் நான் அந்தத் துறையில்தான் சேரப்போகிறேன். வேறெங்கும் போக மாட்டேன். அப்பாவைப் போலப் பாடம் நடத்த யாரும் இல்லை. ஆனால் எனக்கு வெயில் படும் மலை வேண்டும்.

நாளை அவர்கள் கேட்கும்போது, அந்தச் சுத்தியலைக் கையில் பிடித்துக்கொண்டு பேசு. அப்பா கோபப்பட்டால் நான் பார்த்துக்கொள்கிறேன். அவரை விட்டுக்கொடுக்காதே அக்கா. அவர் எழுதிய வரியையும்.

உன்னையே நம்பித் தூங்கப்போகும்,
வாலு