எங்கள் ஊர்க் காற்று

ஆனி 21, சனி.

இன்று ஒன்றும் நடக்கவில்லை. ஆனாலும் எழுதி வைக்கிறேன்.

எங்கள் ஊர் எப்போதும்வென்றானில் மழையில்லாமல் காடு காய்ந்து கிடப்பதால் என் வீட்டுக்காரர் இரண்டு வாரமாகக் கடலோரத் தருவைகுளத்தில் மீன்பிடிப் படகு வேலைக்குப் போகிறார். விடியுமுன் கரையிலிருந்து போன் செய்தார். அவருடையது பட்டன் போன்.

“ஏட்டி, கடல்ல காத்து எப்படின்னு உன் போன்ல பாத்துச் சொல்லு.”

பார்த்தேன். “காத்தே இல்லைங்க, தைரியமாப் போங்க” என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போய்விட்டேன்.

எட்டு மணிக்கு மறுபடி பார்த்தபோதுதான் திரையின் மேலே எப்போதும்வென்றான் என்று இருந்தது கண்ணில் பட்டது. நான் சொன்னது எங்கள் கரிசல் காட்டுக் காற்றை. கடலுக்கு மாற்றிப் பார்த்தால் சூறைக்காற்று வீசும், மீனவர்கள் போக வேண்டாம் என்று சிவப்பில் எழுதியிருந்தது. அவர் போன் சுவிட்ச் ஆஃப். இருபது தடவை அடித்திருப்பேன். சோறு அடிப்பிடித்தது கூடத் தெரியவில்லை.

பத்தரைக்கு வேறு யாருடைய போனிலிருந்தோ பேசினார்.

“சார்ஜ் இல்லட்டி. கரையிலதான் கிடக்கோம். நீ சொன்னதைச் சொன்னேன். படகு டிரைவர் அண்ணாச்சி, ‘உம்ம வீட்டம்மா சொல்லட்டும்வே, கடல் வேற சொல்லுது’ன்னு கயித்தை அவுக்கவே மாட்டேன்னுட்டாவ.”

போன வாரமும் அந்த டிரைவர் காற்றைப் பார்த்துப் படகை எடுக்கவில்லை. பயந்தாங்கொள்ளி மனுசன் என்று அன்றைக்குத் திட்டியது நான்தான்.

அந்த மனுசனுக்கு அந்தப் பயம் என்றைக்கும் தெளியக் கூடாது, சாமி.